பொத்தானை அமத்தினால் பாட்டு வராது

கணினியில் இசை செய்கிறவனை இசைக்காரன் என்று ஒப்புக்கொள்ள எங்கள் பக்கத்தில் பலருக்கு இன்னும் மனம் வருவதில்லை. "தம்பி, நீர் ஒண்டும் வாசிக்கேல்லையே, அதுதானே வாசிக்குது" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். சொல்கிறவர்கள் விபரம் தெரியாதவர்கள் இல்லை. மிருதங்கத்தில் விரல் காய்த்தவர்கள், விடியப்புறம் எழும்பி அகாரம் பாடிச் சாதகம் செய்தவர்கள், திருவிழாவில் இரவிரவாகத் தவிலுக்குப் பக்கத்தில் இருந்து தொடையில் தாளம் போட்டுக் கேட்டவர்கள். அவர்களுடைய வாதத்துக்குப் பலம் இருக்கிறது. அதை மெலிதாக்கிக் காட்டிவிட்டு அடிக்க எனக்கு விருப்பமில்லை.

அவர்கள் சொல்வது இதுதான். இசை உடம்பில் விளைவது. மூச்சும் விரலும் தொண்டையும் வருடக்கணக்காகப் பழகிய பிறகுதான் ஒரு சுரம் நிலையாக நிற்கும். கணினி அந்த வருடங்களைத் தாண்டிப் பாய்ந்துவிடுகிறது. யாரோ செய்துவைத்த ஒலியை எடுத்துக் கட்டத்துக்குள் அடுக்கிப் பொத்தானை அமத்தினால் பாட்டு வந்துவிடும். அதில் கமகம் இல்லை, ஆகவே உயிரும் இல்லை. போதாக்குறைக்கு அது எங்கோ ஒரு நகரத்தின் இரவு விடுதிகளில் வளர்ந்தது. பனையும் தென்னையும் நிற்கிற பளையில் அதற்கு என்ன வேலை?

நான் பளையில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறவன். இந்தக் கருத்து ஓரளவுக்குப் பிழை என்று சொல்லிச் சமாதானம் பேச வரவில்லை. இது அடியிலிருந்தே பிழை. இசை எங்கே நடக்கிறது என்பதையே இது தவறாகப் பார்க்கிறது.

புலோப்பளைப் பக்கம் போனால் காற்றாலைகள் நிற்கின்றன. சோளகம் எழும்பிவிட்டால் அவை ஓயாது. ஒவ்வொன்றிலும் மூன்று இறக்கைகள். ஒவ்வொரு இறக்கையும் கோபுரத்தைக் கடக்கும்போது ஒரு 'ஊஷ்' வரும். நிமிடத்துக்குப் பதினெட்டுச் சுற்று சுற்றுகிறது என்று வைத்தால் ஐம்பத்துநாலு அடி. விளம்ப காலத்திலும் விளம்பம். இந்தச் சத்தத்திலிருந்து ஒரு துண்டு இசை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் அந்தச் சத்தத்தைப் பிடிக்க வேண்டும். வெளியில் மைக்கை நீட்டினால் காற்றாலை கேட்காது. மைக்கில் மோதுகிற காற்றின் இரைச்சல்தான் கேட்கும். பனை மரத்தடிக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாக நின்று, மைக்கைத் துணியால் சுற்றி, எந்தத் தூரத்தில் இறக்கையின் வீச்சும் அடியில் கிடக்கிற உறுமலும் பிரிந்து கேட்கின்றன என்று நடந்து நடந்து தேட வேண்டும். பதிந்துகொண்டு வீட்டுக்கு வந்தால் கையில் இருப்பது வெறும் சத்தம். இரவில் ஹெட்போனைப் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் தெரிகிறது, மூன்று இறக்கைகளும் ஒரே மாதிரிப் பேசவில்லை. ஒன்றின் குரல் மற்ற இரண்டையும் விடச் சற்றுக் கட்டை. அப்படியென்றால் இது ஒற்றை அடி திரும்பத் திரும்ப விழுவது இல்லை, மூன்றடிச் சுழற்சி. திஸ்ரம் அங்கேயே இருக்கிறது. அதை நான் கண்டுபிடிக்கும்வரை என் கணினிக்கு அது தெரியாது. கண்டுபிடித்த பிறகும் தெரியாது.

அடுத்தது தாளத்தின் சிக்கல். காற்று ஏறி இறங்கும். அடிகளுக்கு இடையிலான தூரமும் அதோடு நீண்டு குறுகும். மென்பொருளோ நாலு நாலாகப் பிரித்த பதினாறு கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். ஒரு கட்டளை கொடுத்தால் எல்லா அடிகளையும் இழுத்துக் கட்டத்தின் கோட்டில் சரியாக வைத்துவிடும். 'குவாண்டைஸ்' என்பது அதைத்தான். கொடுத்தால் ஒழுங்கு வரும், சோளகம் போய்விடும். கொடுக்காவிட்டால் அதன்மேல் வைக்கிற எந்த மேளமும் நொண்டும். நான் மூன்றாவது வழியைத் தேர்ந்தேன்: காற்றாலை அடிகளை அப்படியே விட்டு, கட்டத்தையே அவற்றின் பின்னால் வளைத்து, மற்ற ஒலிகள் காற்றைப் பின்தொடரும்படி செய்தேன். அதன்பிறகு எந்த அடியில் மேளம் பேசாமல் இருக்க வேண்டும், அடியில் கிடந்த உறுமலை எந்தச் சுருதிக்கு இறக்கினால் அது ஆதார சட்ஜமாக நிற்கும், மேலே எழும் சீறலை எவ்வளவு அரிந்து எறிய வேண்டும் என்று ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. பதிவின் பெரும்பகுதியை வீசினேன். கடைசியில் அதை ஓட்டோ ஒன்றின் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பாட்டு அங்கேதான் கேட்கப்படும். ஹெட்போனில் உறுமிய அடித்தளம் ஓட்டோவில் காணாமலே போயிருந்தது. அந்த ஸ்பீக்கர் கீழ்ச்சுருதியைத் தராது. அதே சுருதியின் மேல் ஒலிகளைக் கொஞ்சம் கூட்டினால்தான் இல்லாத அடித்தளம் இருப்பதாகக் காது நம்பும். அதைச் செய்தேன்.

இதில் எந்த இடத்தில் இயந்திரம் எனக்காக முடிவெடுத்தது? அது முடிவெடுக்க முயன்ற இடங்கள் உண்டு. பதினாறு கட்டம் அதன் விருப்பம், நேரான தாளம் அதன் விருப்பம், பியானோவின் பன்னிரண்டு சுரங்களும் அதன் விருப்பம். இந்த விருப்பங்களை அப்படியே ஏற்றுக்கொள்கிறவனின் இசை ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். மிஸ்ர சாப்பு வேண்டுமென்றால் கட்டத்தை ஏழாக உடைத்து, மூன்றும் நாலுமாகப் பிரித்து, அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்று கையால் சொல்ல வேண்டும். இந்தக் கலையில் வேலை என்பது இயந்திரத்தோடு முரண்படுவது. கருவி இங்கே காதுதான். அந்தக் காதைப் பழக்க எடுக்கிற வருடங்கள் மிருதங்கக்காரரின் விரல் எடுத்த வருடங்களுக்குக் குறைந்தவை இல்லை.

'நீ வாசிக்கவில்லை' என்ற குற்றச்சாட்டை இன்னொரு பக்கத்தாலும் பார்க்கலாம். இளையராஜா தாளில் சுரம் எழுதிக் கொடுக்க, வயலின்காரர்கள் வாசிக்கிறார்கள். பாட்டு யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. தானே வில்லைப் பிடிக்காதவர் என்பதால் அவரை இசைக்காரர் இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் துணிவு வராது. அவரே 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினியைத் துணைக்கு எடுத்தார். ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்துக் கட்டிய ஸ்டூடியோவில் இருந்து 'ரோஜா' 1992இல் வந்தது. பாடகர்களைப் பல விதமாகப் பாட வைத்துப் பதிந்துகொண்டு, எந்த வரியின் எந்தப் பதிவை வைப்பது, எதை விடுவது என்று பிறகு இருந்து தீர்மானிப்பது அவருடைய முறை. தங்கள் குரலில் எது இடம்பெறும் என்பது பாட்டு வெளிவந்த பிறகே தெரிந்ததாகப் பாடியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். தெரிவு செய்வதே அங்கே இயற்றுவதாக இருந்தது. அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்து, கலியாண வீட்டில் அவற்றைப் போட்டு ஆடிவிட்டு, கணினி இசைக்கு உயிரில்லை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

கமகத்துக்கு வருகிறேன். அவர்களுடைய வாதங்களில் இதுதான் கனமானது. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, அது அசைந்துகொண்டே இருக்கும் ஒரு பாதை. பியானோக் கட்டையை அமத்தி அதை எடுக்க முடியாது. இது உண்மை. ஹார்மோனியத்திலும் முடியாது, அதனால்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தடைசெய்து மூன்று தசாப்தங்கள் வெளியே நிறுத்தியது. ஆனால் மின்னிசையைப் பியானோக் கட்டையோடு ஒன்றாக வைப்பது அறியாமை. மின்னணு அலையியற்றிக்குக் கட்டையே தேவையில்லை. அதன் சுருதியை எந்த வேகத்திலும் எந்த வளைவிலும் நகர்த்தலாம். சுரங்களுக்கு இடையில் இருக்கிற வழுக்கல் முழுவதும் அதற்குத் திறந்து கிடக்கிறது, வீணைத் தந்தியை மெட்டின்மேல் இழுக்கிறபோது கிடைப்பதைவிட அதிகமாகவே. வளைவை எங்கே தொடங்கி எங்கே தாமதிக்க வைப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். தோடி தெரியாதவன் கையில் வீணையும் ஊமைதான்.

சரண்ஜித் சிங் என்று பம்பாய்த் திரையிசையில் வாசித்துவந்த ஒரு கலைஞர். 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ரோலன்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 என்ற மூன்றும்தான் அவருடைய பக்கவாத்தியம். டிபி-303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற வசதி உண்டு. இராகத்தின் நகர்வுக்கு அது வாய்ப்பாக இருந்தது. அந்தத் தட்டை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதே கருவியை வைத்து 1987இல் சிக்காகோவில் பியூச்சர் குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டபோது உலகம் அதை ஒரு புதிய இசைவகையின் தொடக்கம் என்று கொண்டாடியது. 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபதிப்பாக வந்த பிறகுதான், ஒருவர் ஐந்து வருடத்துக்கு முன்னரே யமனையும் பைரவியையும் வைத்து அந்த ஒலியைத் தொட்டிருக்கிறார் என்று பலருக்குத் தெரிந்தது. இராகத்துக்கும் இந்தக் கருவிக்கும் ஒட்டாது என்பவர்கள் அதை ஒருமுறை முழுதாகக் கேட்கட்டும்.

கச்சேரி மேடையையே பாருங்கள். 1970களின் இறுதியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியியலாளர், அவர் புல்லாங்குழலும் வாசிப்பவர், மின் தம்புராவைச் செய்தார். இன்று சுருதிப்பெட்டியோ போனில் உள்ள செயலியோ இல்லாமல் எத்தனை பேர் பாட உட்காருகிறார்கள்? மின்னணு ஒலியில் சுருதி சேர்த்து, அதன்மேல் மூச்சை வைத்துப் பாடிவிட்டு எழும்புகிறவர் மின்னணு ஒலிக்கு உயிரில்லை என்கிறார். பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளைக்காரரின் வயலின் வந்தது. பிறகு உ. ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன் மின் மாண்டலினோடு மேடையேறினான். இரண்டு தடவையும் புருவங்கள் உயர்ந்தன, பிறகு இறங்கின. இதற்குமேல் அதைப் பேசத் தேவையில்லை.

ஈழத்தவரான எங்களுக்கு இன்னொரு சான்று கையிலேயே இருக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர், படிப்பித்தவர். மறைந்துபோன யாழ்களை அவர் ஏட்டையும் கணக்கையும் ஒன்றாக வைத்து மீட்டெடுக்க முயன்றார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தொடங்கி, சுரங்களுக்கு இடையிலான விகிதங்களைக் கணக்கிட்டு 'யாழ் நூலை' 1947இல் தந்தார். இசையை எண்ணாகவும் அளவாகவும் பார்ப்பது இசையைக் கொல்லும் என்று அவர் நினைக்கவில்லை. நான் திரையில் ஒரு ஒலியின் அதிர்வெண்ணை எண்ணில் பார்த்து நகர்த்துகிறபோது தமிழ் மரபுக்கு வெளியே நிற்கிறேன் என்று சொல்கிறவர்களுக்கு அடிகளாரிடம் ஒரு பதில் இருக்கிறது.

இனி மண்ணைப் பற்றிய வாதம். என்னை உண்மையாகக் கோபப்படுத்துவது இதுதான்.

எங்கள் மண்ணின் ஒலி எது? நாதஸ்வரமும் தவிலும் என்பார்கள். ஆம். பறை, உடுக்கு, கோயில் மணி, எல்லாம் ஆம். ஆனால் தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றறியும் இல்லாமல் இருந்த காலத்தில் பாட்டு எப்படிக் கேட்டோம்? சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு, பின்சில்லைச் சுழலவிட்டு, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்கும் ரேப்ரெக்கோடருக்கும் கொடுத்தோம். மிதிக்கிறவர் களைத்தால் கசெற்றில் பாடுகிறவரின் குரலும் களைத்துக் கீழே இறங்கும். அடுத்தவர் ஏறி மிதித்தால் சுருதி மேலே போகும். ஒரு தலைமுறையின் காது இப்படித்தான் பழகியது. இன்று வெளிநாட்டு இசைத் தயாரிப்பாளர்கள் நாடா இழுபடும் அந்த ஒலியைப் போலியாகச் செய்துதருகிற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நாங்கள் அதைக் காலால் மிதித்துச் செய்தோம். மின்சாரமும் இசையும் ஒன்றையொன்று எப்படி வளைக்கும் என்பதை எங்களைவிட நெருக்கமாக அறிந்தவர்கள் குறைவு.

அதன்பிறகு 'வண்டு'. ஆளில்லா வேவு விமானத்தை வன்னி முழுவதும் அப்படித்தான் அழைத்தோம். இரவும் பகலும் தலைக்குமேல் ஒரே சுருதியில் நின்ற அந்த இரைச்சலைக் கேட்டவர்களுக்கு அது இன்னும் காதுக்குள் இருக்கிறது. அது கொஞ்சம் சுருதி மாறினால் உடம்பு முதலில் அறிந்துகொள்ளும், மனம் பிறகுதான். கிபிர் போர் விமானம் வருவதற்கு முன் வருகிற வெறுமையும் ஒரு ஒலிதான். இவற்றை எந்த இராகத்தில் வைப்பது? ஒப்பாரி இருக்கிறது, அது இறந்தவருக்கானது. அந்த இரைச்சலுக்கு அடியில் உலை வைத்து, பிள்ளைக்குத் தலைவாரிவிட்டு, பங்கருக்கும் அடுப்புக்கும் இடையில் கழிந்த பொழுதுக்கு எங்கள் மரபில் வாத்தியம் இல்லை. அந்தச் சுருதியை அலையியற்றியில் எழுப்பி, கேட்பவரின் நெஞ்சு இறுகும்வரை பிடித்து, பிறகு அதை மெல்ல மெல்லத் தம்புராவின் சுருதியாக மாற்ற என்னால் முடியும். அதை வேறு எந்த வாத்தியமும் எனக்குத் தராது.

இது பளைக்காரனின் தனிப்பட்ட விசித்திரம் இல்லை. பிபிசியின் ஒலிப் பட்டறையில் வேலைசெய்த டெலியா டெர்பிஷையர், ரொன் கிறெய்னர் எழுதிய 'டொக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை 1963இல் நாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி ஒலியாக்கினார். அவர் 1937இல் கொவென்ட்ரியில் பிறந்தவர். அந்த நகரம் 1940இல் குண்டுவீச்சில் எரிந்தது. அருவமான ஒலிகளின்மேல் தனக்கு வந்த ஈர்ப்பு குழந்தையாக இருந்தபோது கேட்ட விமானத்தாக்குதல் சங்கொலியிலிருந்து தொடங்கியது என்று அவரே பின்னாளில் சொன்னார். பிரான்சில் பியேர் ஷேஃபர் 1948இல் ரயில் சத்தங்களைப் பதிந்து அவற்றை மட்டுமே வைத்து இசை செய்தார். போரில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குள் போய், இருபத்துநாலு வருடம் ரயிலே இல்லாமல் இருந்து, 2014 மார்ச்சில் யாழ்தேவி மறுபடி வந்து நின்ற நிலையம் பளை. அந்தக் கோர்ண் சத்தத்துக்கு இங்கே இருக்கிற பொருள் ஷேஃபருக்குக் கிடைத்திருக்காது.

இரவு விடுதி இசை என்று தள்ளுகிறவர்களுக்கு மாயா அருள்பிரகாசத்தையும் நினைவூட்ட வேண்டும். எம்.ஐ.ஏ. என்றால்தான் பலருக்குத் தெரியும். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரில் மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போனவர். முறையான இசைப் பயிற்சி இல்லாமல், ரோலன்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் தாளம் அடுக்கத் தொடங்கி, 2005இல் 'அருளர்' என்று தகப்பனின் பெயரில் ஓர் இசைத்தொகுப்பைத் தந்தார். அடுத்த தொகுப்பான 'கலா'வுக்காகத் தமிழ்நாட்டு உறுமியைப் பதிந்து அதன்மேல் கட்டினார். அவருடைய அரசியலோடு உடன்படாதவர்கள் இருக்கலாம். ஆனால் எங்கள் அகதி வாழ்வின் சத்தம் உலகத்தின் காதில் முதலில் ஏறியது இந்த 'உயிரில்லாத' பெட்டிக்குள்ளால்தான்.

எதிர்த்தரப்பில் எனக்கு உடன்பாடான ஓர் இடம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. கோயில்களில் பூசை நேரத்தில் சுவிச்சைப் போட்டதும் தானாக மணியும் முரசும் அடிக்கிற இயந்திரங்கள் வந்துவிட்டன. அங்கே ஒரு மனிதனின் கையும் கூலியும் உண்மையாகவே போய்விட்டன. இசைக்குழுக்களில் ஒக்டபாட் வந்தபோதும் ஓர்கன் வந்தபோதும் தபேலாக்காரர் ஒருவர், குழல்காரர் ஒருவர் மேடையை விட்டு இறங்கினார்கள். இது வயிற்றுப் பிரச்சினை, சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த மணி இயந்திரத்தை வாங்கி வைத்தது இசைத் தயாரிப்பாளன் இல்லை. கூலியை மிச்சம் பிடிக்க நினைத்த நிர்வாகம். அதற்கான கேள்வியைத் திருவிழாக் கணக்கு வாசிக்கிற கூட்டத்தில் எழும்பிக் கேட்க வேண்டும். என் பங்குக்கு, தவிலைக் கணினியில் உள்ள போலித் தவிலால் வாசிப்பிக்க நான் மறுக்கிறேன். தவில் வேண்டுமென்றால் தவில்காரரைக் கூப்பிட்டு, காசு கொடுத்துப் பதிகிறேன்.

காசுக்கு வாங்கிய தாளத் துண்டுகளை அப்படியே ஒட்டி, அதன்மேல் குரலைப் பூசி, கிழமைக்கொன்றாக வெளியிடுகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டி மின்னிசையை அளப்பவர்கள், திரைப்பாட்டு மெட்டை மட்டும் ஊதுகிற நாதஸ்வரக்காரரைக் காட்டி நாதஸ்வரத்தை அளப்பார்களா?

இப்போது அவர்களுக்குப் புதிய ஆயுதமொன்று கிடைத்திருக்கிறது. நாலு வரி எழுதினால் முழுப் பாட்டையும் தந்துவிடுகிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். "பாத்தீரே, சொன்னம்தானே, பொத்தான்தான்" என்கிறார்கள். எனக்கு இது நேர் எதிராகத் தெரிகிறது. பொத்தானை அமத்தினால் என்ன வரும் என்பதை இப்போதுதான் எல்லோரும் கேட்க முடிகிறது. பிழையில்லாமல் ஒன்று வரும். அது எதையும் மறுத்ததில்லை, புலோப்பளையில் காற்றுக்கு மறைவாக நின்றதில்லை, மூன்று இறக்கைகளில் ஒன்றின் குரல் கட்டை என்று இரவில் திடுக்கிட்டதில்லை. வந்ததை வந்தபடி எடுத்துக்கொள்கிறவனுக்கும் வந்ததை வீசிவிட்டு மறுபடி தேடுகிறவனுக்கும் இடையிலான தூரம் முன்பு வெளியாருக்குத் தெரியாமல் இருந்தது. இனித் தெரியும்.

இந்த மூத்தவர்களிடம் நான் கேட்பது ஏற்பும் இல்லை, பாராட்டும் இல்லை. தவில்காரர் தீர்மானத்தில் ஒரு மயிரிழை பிந்தினால் பந்தலின் கடைசியில் பாயில் கிடக்கிற பெரியவருக்கும் அது தெரிந்துவிடும். அவர் எழும்பி இருந்து தலையை ஆட்டுவார். அப்படிப்பட்ட காது உலகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது, எங்களுக்குத் தேவையானதும் அதுதான். அந்தக் காதோடு வந்து இருந்து கேளுங்கள். மூன்றாம் நிமிடத்தில் அடித்தளம் குழம்புகிறது என்று சொல்லுங்கள். காந்தாரத்தின் வளைவு தோடியில் இல்லை, வேறெங்கோ போகிறது என்று சொல்லுங்கள். வண்டின் இரைச்சலை இவ்வளவு நேரம் பிடித்தது கேட்பவர்மேல் செய்த கொடுமை என்று சொல்லுங்கள். அதையெல்லாம் நான் மறுத்து எழுதமாட்டேன். லப்டொப்பைத் திறந்து, நீங்கள் சொன்ன இடத்தை உங்கள் முன்னாலேயே மறுபடி போட்டுப் பார்ப்பேன்.